பாடற்குழுவில் லவீனாவின் இடம்

குருநகர் மேர்சிக்குக் கோபமே வராது என்பார்கள், கடற்கரை மீன்வாடியில் அவளோடு இருந்து நண்டு உடைக்கும் பெண்கள். நண்டின் ஓடு விரலைக் கிழித்தாலும் சிரிப்பாள். கணவன் செல்வரட்ணம் வெறுங்கையோடு கரை திரும்பினாலும் சிரிப்பாள். அந்த மேர்சி தவக்காலம் தொடங்கியதிலிருந்து சிரிக்கவில்லை.

மகள் லவீனாவுக்குப் பதினான்கு வயது. சில மாதங்களாக உறக்கம் இல்லை, உணவு இல்லை. வகுப்பில் திடீரென மூச்சுத் திணறி விழுவாள். ஆசிரியை அதை நடிப்பு என்றார். மாமி கண்ணூறு என்றாள். மருத்துவர் ஒருவர்தான் அது நோய் என்று சொல்லி மருந்து எழுதினார். பிள்ளைக்கு விருப்பமானது எதையும் நிறுத்தவேண்டாம் என்றும் எச்சரித்தார். லவீனா விரும்பியது ஒன்றே ஒன்றுதான்: கோவில் பாடற்குழு.

அதைத்தான் நிறுத்தினார்கள். பாடற்குழுவை நடத்தும் றொசாந்தி, பிள்ளைகள் அனைவரும் பார்த்திருக்க, பயிற்சியின் நடுவிலேயே, வாசலில் காத்துநின்ற மேர்சியிடம் சொன்னாள்:

"மேர்சி, குறை நினையாதை. உவளுக்குத் தலை சரிவருமட்டும் வீட்டிலை வைச்சிரு. பீடத்துக்கு முன்னாலை விழுந்து துலைச்சாளெண்டால் ஆருக்கு வெக்கம்?"

லவீனா பாட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தாள். அதன் பிறகு வீட்டிலும் அவள் வாய் திறக்கவில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்தனுப்பும் ஊர், மனம் நொந்த பிள்ளையின் முகத்தில் கதவைச் சாத்துகிறது. அதற்கு ஒழுங்கு என்று பெயரும் வைக்கிறது.

மேர்சியும் ஊருக்கு அஞ்சியவள்தான். பட்டணத்து ஆஸ்பத்திரியில் தெரிந்த முகங்கள் எதிர்ப்படும் என்று, இரண்டு பேருந்து மாறி மகளைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே மனநலக் கிளினிக் வாசலில் உட்காரும் வாங்குகள் நிறைந்திருந்தன. பாடசாலைச் சீருடையோடு எத்தனை பிள்ளைகள்!

"எவடம்?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

"குருநகர்."

"அம்மாடி! நாங்கள் புத்தூர். கிட்டடியிலை காட்டினால் எங்கடை சனம் கண்டிடும்." அவள் குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். "தெல்லிப்பழைச் சனம் உங்கடை பக்கம் போகுதாக்கும்!"

மேர்சிக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. அப்போதுதான் கடைசி வாங்கில் ஒருத்தி சேலைத் தலைப்பால் முகத்தை மறைப்பதைக் கண்டாள். றொசாந்தி! அருகில் அவள் மகன் றஜிந்தன். ஞாயிறுதோறும் வெள்ளை அங்கியோடு பீடத்தில் குருவுக்கு உதவுபவன். அவனது நகங்கள் இரத்தம் கசியுமளவுக்குக் கடிக்கப்பட்டிருந்தன.

மேர்சி எழுந்து அவளருகே போனாள்.

"மேர்சி, உன்னைக் கும்பிட்டன். ஊரிலை மூச்சு விட்டிடாதை. இவன்ரை வாழ்க்கை போயிடும்."

"எவ்வளவு காலமாக் கூட்டி வாறியள், அக்கா?"

"போன வருசத்திலையிருந்து."

மேர்சிக்கு உச்சந்தலை கொதித்தது. போன வருடத்திலிருந்து! நோயை அறியாதவர் சொல்லும் சொல்லைப் பொறுக்கலாம். உறங்காத பிள்ளையின் அருகே விழித்திருந்த ஒருத்தி, அதே நோவில் துடித்த இன்னொரு பிள்ளையைச் சபை நடுவே அவமதித்தாளே!

றஜிந்தன் தலை கவிழ்ந்திருந்தான். மேர்சி குரலை அடக்கினாள்.

"இவனுக்காண்டி நான் வாய் திறக்கமாட்டன். உங்களுக்காண்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமை லவீனா பாடுவாள்."

"மற்றத் தாய்மார் கேப்பினமே?"

"நிப்பாட்டேக்கை அவையளைக் கேட்டோ நிப்பாட்டினனீங்கள்?"

ஞாயிற்றுக்கிழமை லவீனா பாடினாள். முதலடியில் நடுங்கிய குரல் மெல்ல மற்றக் குரல்களோடு சேர்ந்தது. மேர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பூசை முடிந்ததும் முற்றத்தில் பெண்கள் றொசாந்தியைச் சூழ்ந்தனர்.

"அக்கான்ரை மனசு ஆருக்கு வரும்! உந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டாவே!"

றொசாந்தி மறுக்கவில்லை. "என்ன செய்யிறது, பாவம்தானே," என்றாள்.

மேர்சியின் வாய் திறந்தது. எதிரே, கழற்றிய அங்கியைக் கையில் பற்றியபடி றஜிந்தன் அவளையே பார்த்து நின்றான். மேர்சி வாயை மூடினாள்; மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலைக் கடந்தாள்.

"அம்மா, கையை விடுங்கோ," என்றாள் லவீனா. "நோகுது."