கடல் பார்க்குக்குத் தைத்த உடுப்பு

போன மே மாதம் நாங்கள் பதினோரு பேர் கடல் பார்க்குக்குப் போவதாக இருந்தது. ஏற்பாடெல்லாம் என் நாத்தனாருடையது. என் வீட்டுக்காரருக்குத் தங்கை அவள். வாஷியில் புருஷனோடும் இரண்டு சின்னப் பையன்களோடும் இருக்கிறாள். ஒரு காரியத்தைக் கையில் எடுத்தாளென்றால் சுற்றியிருக்கிறவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காது. வாட்ஸ்அப்பில் குரூப் ஒன்று தொடங்கி, தினமும் படம் அனுப்பினாள். கப்பல் மாதிரி கட்டிய சறுக்கு, தலைக்கு மேல் சுறா நீந்துகிற கண்ணாடிச் சுரங்கம், திமிங்கலத்தின் வாய்க்குள் நுழைந்து வால் வழியாக வெளியே விழுகிற குழாய். அந்தத் திமிங்கல வாய் வந்தாலே படத்தை மேலே தள்ளிவிடுவேன். கடற்கரைக்குப் போனால்கூடக் கணுக்கால் நனைகிற இடத்தைத் தாண்ட மாட்டேன். இந்த லட்சணத்தில் எனக்கு அங்கே என்ன வேலை என்றுதான் முதலில் நினைத்தேன்.

வேலை இருந்தது. அந்தப் பார்க்கில் பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்களாம். நைலான் உடுப்புத்தான் போட வேண்டும். இல்லாதவர்களுக்கு அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

"ஊரெல்லாம் போட்டு நனைச்சத நாமளும் போடணுமா மதினி? அருவருப்பா இருக்கு. நீங்க ஒருத்தி இருக்கும்போது நமக்கு எதுக்கு வாடகை உடுப்பு?" என்றாள் நாத்தனார். கேட்கிற மாதிரி இருக்கும், ஆனால் உத்தரவு.

தாராவியில் எங்கள் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு இருபது வருஷமாகத் தைக்கிறேன். சந்துக் கோடியில் ஜிம் உடுப்பு தைக்கிற பட்டறை ஒன்று உண்டு. அங்கே மிஞ்சிய நீலத் துணியும் கறுப்புத் துணியும் கேட்டு வாங்கினேன். பெண்களுக்கு முழுக்கைச் சட்டையும் முழங்காலுக்குக் கீழே இறங்குகிற பேன்ட்டும், ஆம்பளைகளுக்கு அரைக்கால் சட்டை. ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வீட்டுக்கு வரச் சொல்லி அளவெடுத்தேன். என் வீட்டுக்காரர் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். "மூச்ச விடுண்ணே, தண்ணிக்குள்ள எக்கிட்டே நிக்க முடியாது" என்று தங்கைக்காரி கத்த, நாங்கள் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

கடைசியாக என் மகள். பதினைந்து வயசு. "பழைய அளவு இருக்குல்லம்மா, அத வெச்சே தைச்சிரு" என்று மாடி ஏணியில் பாதி ஏறிவிட்டாள். நான் விடுவேனா. "இறங்குட்டி கீழ. மகாராணிக்குத் தனியாச் சொல்லணுமோ?" என்று ஒரு சத்தம் போட்டதும் வந்து நின்றாள். அளவெடுத்து நோட்டில் குறிக்கப் போனேன். அதே பக்கத்தில் தீபாவளிச் சுடிதாருக்கு எடுத்த அளவு இருந்தது. அதைவிட இப்போது மார்பு இரண்டு இஞ்ச் குறைவு. இடுப்பு மூன்று இஞ்ச் குறைவு.

இந்த வயசுப் பிள்ளைகளின் அளவு ஏறத்தான் செய்யும். பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கும்போது உள்ளே இரண்டு இஞ்ச் மடித்து விட்டுத் தைப்பதே அதற்காகத்தான். இறங்கி நான் பார்த்ததில்லை.

"சனியன் பிடிச்ச டேப்பு, இழுத்துப்போச்சு" என்றேன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

தையல்காரர்களுக்குத் தெரியும். பழைய இஞ்ச் டேப் இழுபட்டு இழுபட்டு நீண்டுவிடும். அப்போது எதை அளந்தாலும் குறைத்துக் காட்டும். அது உண்மைதான். என் மிஷின் பலகை சரியாக நாற்பது இஞ்ச். டேப் இழுத்துவிட்டதா என்று பார்க்க அதன்மேல் வைத்தால் போதும், அரை நிமிஷ வேலை. நான் வைத்துப் பார்க்கவில்லை. அதே டேப்பில் மற்றவர்களுக்கெல்லாம் அளவு சரியாக வந்ததே என்றும் யோசிக்கவில்லை. டேப்பைக் குப்பையில் போட்டுவிட்டு, மறுநாள் பட்டன் கடையில் புதுசு வாங்கினேன். அந்தப் புது டேப்பை அவள் உடம்பில் மட்டும் வைக்கவில்லை. தீபாவளி அளவிலேயே வெட்டினேன்.

உடுப்பைப் போட்டுப் பார்க்கச் சொன்னபோது தோளிலிருந்து தொங்கியது. நைலான் உடம்பைப் பிடிக்க வேண்டிய துணி. இரண்டு பக்கமும் குண்டூசி குத்தி, பிடித்துத் தைத்தேன். அடுத்த வாரம் போடச் சொன்னேன். மறுபடியும் தொளதொளவென்று நின்றது. மறுபடியும் பிரித்துப் பிடித்தேன். இருபது வருஷம் மிஷினில் உட்கார்ந்தவளுக்கு வரும் புத்தி இது. யார் வந்து நின்றாலும் உடம்பு சரியாகத்தான் இருக்கும், துணியில்தான் தப்பு. தப்பைத் துணியில் தேடித் தேடி, என் மகளை நான் பார்க்கவே இல்லை.

பார்க்கவில்லை என்று சொல்வதும் முழுப் பொய். ஏசிக்கொண்டே இருந்தேனே! தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தால், "சினிமாவுல சான்ஸ் கெடச்சிருக்கோ? மெலிஞ்சுகிட்டு நிக்க?" என்பேன். சாயந்திரம் படுத்தால், "பரீட்சதான் முடிஞ்சிட்டுல்லா, என்ன அசதி?" என்பேன். எங்களுக்குக் காலையில் ஒன்றரை மணி நேரம்தான் தண்ணீர் வரும். அவள் குளிக்கப் போனால் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு வாளி வழிய வழிய நிற்பாள். "தண்ணிய ஒங்கப்பனா சொமந்துகிட்டு வாராரு? மூடுட்டி!" என்று கதவைத் தட்டுவேன். ஒருநாள் நான் தட்டிய வேகத்தில் குழாயைச் சட்டென்று மூடினாள். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் இருமல் கேட்டது. அடங்காத இருமல். துணியை வாயில் வைத்து அமுக்குகிறாள் என்பதும் கேட்டது.

எங்கள் சந்தில் இருமாதவர் யார்? தோல் தூசி, துணித் தூசி, அடுப்புப் புகை. அப்படித்தான் அன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மூன்றாவது தடவை உடுப்பைப் பிடிக்கும்போது, முதுகில் குண்டூசி குத்துவதற்காகக் கையை வைத்தேன். துணியைத் தாண்டிச் சுட்டது. தோள்பட்டை எலும்பு விரலில் இடித்தது. குண்டூசி கைநழுவி விழுந்துவிட்டது. குனிந்து தேடுகிற சாக்கில் தரையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எங்களுக்கு அந்த நோயை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பக்கத்துச் சந்தில் ஒரு பெண்ணுக்கு வந்தது. அவளுடைய அம்மா இட்லி மாவு விற்றுக்கொண்டிருந்தாள். ஒரே வாரத்தில் மாவு வாங்க ஆளில்லை. அந்தப் பெண் பிழைத்தாளா என்றுகூட எங்களில் யாரும் போய்க் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது என் வீட்டில். என் பிள்ளை செத்துப்போய்விடுவாளோ என்று ஒரு பயம். தெரிந்தால் யார் என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பார்கள் என்று இன்னொரு பயம். இரண்டாவது பயம் வந்ததற்கே என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். குரியர் வேன் ஓட்டுகிறவர், வந்ததும் களைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, சும்மா கெட. வெயிலுக்கு வத்திப்போயிருக்கும்."

"மூணு இஞ்சுங்க."

"சரி, பார்க்குக்குப் போயிட்டு வந்து டாக்டர்ட்ட காட்டுவோம். பத்து நாள்தான இருக்கு?" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

எனக்கும் அப்படித்தான் ஆசையாக இருந்தது. பத்து நாள் எதுவும் தெரியாமல் இருக்கலாம். நான் சரி என்றுதான் தலையாட்டினேன். அன்றைக்குப் பார்த்து நாத்தனார் போன் செய்தாள். வேன் பேசியாகிவிட்டது, எலுமிச்சைச் சாதம் அவள் பொறுப்பு, துண்டு ஆளுக்கு இரண்டு என்று ஒப்பித்துவிட்டு, "சின்னவன் இப்பவே சண்ட மதினி. வேன்ல போக வர அக்கா மடியிலதான் இருப்பானாம். வேற யாரும் உக்காரப்படாதாம்" என்று சிரித்தாள். அவனுக்கு நாலு வயசு.

மறுநாள் காலையிலேயே மகளைக் கூட்டிக்கொண்டு மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்க்கில் டாக்டர் சீட்டு கேட்கிறார்கள் என்று அவளிடம் ஒரு பொய் சொல்லியிருந்தேன். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்கிற பிள்ளை, ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

"கித்னே தின் ஸே காஸி?" என்று டாக்டரம்மா அவளைப் பார்த்துக் கேட்டார். எத்தனை நாளாக இருமல் என்று அவளைத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "பத்து நாள் இருக்கும் மேடம்" என்றேன். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். சளியைச் சோதனைக்குக் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த இரண்டு நாளும் குரூப்பில் திமிங்கலமும் கப்பலும் வந்துகொண்டே இருந்தன. நான் எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் போட்டேன்.

டி.பி.தான். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: பயப்படாதீர்கள், ஆறு மாதம் மாத்திரையை ஒருநாளும் விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும். சொன்னபடியே குணமாகி, அவள் இன்று பழைய எடைக்கும் மேலே இருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அவர் அடுத்துச் சொன்னதுதான் என் காதில் விழுந்தது. வீட்டில் இருக்கிற எல்லோரும், இவளோடு நெருங்கிப் பழகியவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகளை உடனே கூட்டி வர வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாத்தனாரின் பையன்கள் எங்கள் வீட்டில்தான். தூங்குவது இவள் பக்கத்தில்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று போன் செய்தேன். எப்படிச் சொல்வதென்று நாலு விதமாக யோசித்து வைத்திருந்தேன். எதுவும் வரவில்லை. "பிள்ளைக்கு டி.பி.யாம்ட்டி. ஒம் பையன்களக் கூட்டிட்டு வரச் சொல்லுதாவ" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் குரூப்பில் வந்தது, பார்க் போவது கேன்சல் என்று. காரணம் எழுதவில்லை. என்ன ஏது என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்லவில்லை. அதற்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

மறுநாள் முதல் ஆளாக வந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பெரியவன் ஒரு பக்கம், சின்னவன் மடியில். சின்னவன் எழுந்து அக்காவிடம் ஓடப் பார்த்தான். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். என் மகள் முகமூடி போட்டுக்கொண்டு எதிர்ப் பெஞ்சின் கடைசியில் போய் ஒடுங்கி உட்கார்ந்தாள். பையன்களுக்கு ஒன்றுமில்லை என்று சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்கு எதுவும் தெரியாது.

"எப்பத் தெரியும் மதினி?" என்றாள் நாத்தனார். குரலை உயர்த்தவில்லை.

நேற்று என்று சொல்லியிருக்கலாம். சின்னவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அளவெடுத்த அன்னைக்கே."

"அதுக்கப்புறம் ரெண்டு ஞாயித்துக்கெழம வந்திருக்கோம். ரெண்டு நாளும் எம் பையனுவ இவ மடியிலதான் கெடந்தானுவ. நீங்க பாத்துகிட்டே டீ போட்டுக் குடுத்தீய."

 எதிர்ப் பெஞ்சிலிருந்து மகள் சொன்னாள்: "அம்மாவ ஏசாதீங்க அத்த. எனக்குப் பரீட்சைக்கு முன்னாடிலேந்தே இருமல். ஒரு தடவ ரத்தம்கூட வந்துச்சு. நான்தான் யார்ட்டயும் சொல்லல."

 

"ஏன்ட்டி சொல்லல? பார்க்குக்குப் போக விடமாட்டோம்னா?" என்றாள் நாத்தனார்.

"பார்க்கா? சேச்சே." முகமூடிக்கு மேலே அவள் கண்கள் என் பக்கம் வந்துவிட்டு, வேகமாக நாத்தனாரிடம் திரும்பின. "அம்மாட்ட சொல்ல பயமா இருந்துச்சு அத்த."

அடிப்பாவி, பெத்தவகிட்ட என்னட்டி பயம் என்று கேட்பதற்காக வாயைத் திறந்தேன். நான் ஒரு வார்த்தையும் சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்குத் தோள் இரண்டும் சுருங்கின.

நான் வாயை மூடிக்கொண்டேன்.