சைக்கிளில் கிணறு எண்ணுகிறவர்

எடப்பாடி பஸ் நிலையத்துக்கு எதிரே வாடகைக்கு எடுத்த சைக்கிளின் முன்சக்கரக் கம்பியில் வசந்தாமணி சிவப்புத் துணி ஒன்றை முடிச்சுப் போடுகிறார். துணி ஒரு சுற்றுச் சுற்றி மேலே வந்தால் ஏழடி நான்கு அங்குலம் தூரம் என்று கணக்கு. சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். காற்று குறைவாக இருந்தால் கடைக்காரரை விடமாட்டார். "டயரு அமுங்குனா ஊரு நீண்டு போயிருமுங்க" என்பார். கடைக்காரருக்கு இது இதுவரை விளங்கியதில்லை. ஆனாலும் காற்று அடித்துத் தருகிறார்.

வண்டி உருளத் தொடங்கிவிட்டால் அவரிடம் பேச முடியாது. பேசினால் பதில் எண்ணாக வரும். ஒருமுறை சித்தப்பா முறையுள்ள ஒருவர் எதிரே வந்து, இந்தப் பக்கம் எங்கே என்று விசாரித்தார். "நூத்தி நாப்பத்தாறுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் வசந்தாமணி. சித்தப்பா நேராக வசந்தாமணியின் ஊரான ஆட்டையாம்பட்டிக்குப் போய், பெண் ஏதோ வேண்டுதலில் இருக்கிறாளா என்று அவள் அம்மா பழனியம்மாளிடம் கேட்டார். அம்மா மறுக்கவில்லை. மகள் சக்கரத்தை எண்ணிச் சம்பளம் வாங்குகிறாள் என்பதைவிட வேண்டுதல் என்பது வெளியில் சொல்ல வசதியாக இருந்தது.

சம்பளம் தருவது பொறியாளர் செங்கோட்டையன். சேலத்தில் ஒரு மாடியில் இரண்டு அறை. வாசலில் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனம் என்று பலகை. ஜவ்வரிசி ஆலையோ சாயப்பட்டறையோ கழிவுநீர் விட அனுமதி கேட்கும்போது, சுற்றிலும் எங்கே ஓடை, எங்கே கிணறு, எங்கே குடியிருப்பு என்று காட்டும் வரைபடம் ஒன்றை விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். அந்தப் படங்களை வரைவதுதான் அங்கே முக்கியமான வேலை.

ஐ.டி.ஐ.யில் படம் வரையப் படித்துவிட்டு 1983இல் வசந்தாமணி அங்கே சேர்ந்தார். மூத்த வரைவாளர் மணியன் பென்சிலில் போட்டதை மெல்லிய தாளில் மையால் பிரதி எடுக்க வேண்டும். பிசகினால் பாதி பிளேடால் சுரண்ட வேண்டும். மணியன் நாற்காலியை விட்டு எழுந்து எந்த ஊரையும் பார்த்தவரில்லை. பழைய கிராம வரைபடம் அவருக்குப் போதும். அது அச்சான பிறகு வெட்டிய கிணறுகளை அவர் இன்னும் வெட்டப்படாதவையாகவே வைத்திருந்தார்.

மூன்று வருடம் மை போட்ட பிறகு வசந்தாமணி, தானே நேரில் போய்ப் பார்த்து வருகிறேன் என்று கேட்டார். செங்கோட்டையன் யோசித்தார். வரைபடத்தின் கீழ்மூலையில் 'வரைந்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதுவரை எல்லாப் படங்களிலும் அங்கே மணியன் பெயர்தான். எடப்பாடிப் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றின் படத்துக்கு மட்டும் கட்டத்தைக் காலியாக விடுவது என்று முடிவாயிற்று. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து அதிகாரி நேரில் வந்து பார்த்துச் சரி என்றால் அதில் வசந்தாமணி பெயர். அன்று முதல் வெளிவேலை அவருடையது. இல்லாவிட்டால் பழையபடி மணியனின் பென்சிலுக்குப் பின்னால் மை.

"கட்டத்துல எடம் பத்தலைன்னா சொல்லு அம்மிணி. எம்பேரு சின்னது, பொருந்தும்" என்றார் மணியன்.

வசந்தாமணியை அபாரத் திறமைசாலி என்று சொல்ல அவசரப்பட வேண்டியதில்லை. கோடு நேராக வரும். எழுத்து சற்றுப் பெரிது. ஆனால் மணியனிடம் இல்லாத ஒரு வழக்கம் அவரிடம் உண்டு. எந்தக் கிணற்றைக் குறித்தாலும் அதன் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, நல்ல தண்ணி, சப்பை, உப்பு என்று மூன்றில் ஒன்றை எழுதிக்கொள்வார்.

அந்த வருடம் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. மரவள்ளி ஆள் உயரத்துக்கு நின்றது. காட்டுக்குள் இறக்கிய சைக்கிள் சேற்றில் பாதிச் சக்கரம் புதைந்தது. வேறு வழியில்லாமல் சாலையோர வீடுகளில் ஏறி, உங்கள் கிணறு எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஆளுக்கு ஒரு திசையில் கை காட்டி, நடந்தால் இத்தனை எட்டு என்றார்கள். சொம்பில் தண்ணீரும் கொடுத்தார்கள். அடுத்தடுத்து நான்கு வீடுகளில் குடித்துவிட்டு நான்கு தடவை 'சப்பை' என்று எழுதினார். நாக்குக்குத் தெரிந்துவிட்டது, பேனாவுக்குத் தெரியவில்லை.

படத்தில் ஒன்பது கிணறுகள் வந்தன. கார்த்திகையில் ஜீப்பில் வந்த அதிகாரி, செங்கோட்டையனும் வசந்தாமணியும் பின்னால் வர, காட்டுக்குள் நடந்து ஆறுதான் எண்ணினார். ஆறாவது, நான்கு பக்கமும் நான்கு மோட்டார் வைத்த பெரிய சதுரக் கிணறு.

"படத்துல ஒன்பது இருக்கு. மீதி மூணு எங்கே?" என்று கேட்டார்.

ஜீப்பைப் பார்த்து ஆட்கள் கூடியிருந்தார்கள். இது யார் கிணறு என்று அதிகாரி கேட்டதும், கிழக்குக் கரையில் நின்ற காளியண்ணன் "எங்களுதுங்க" என்றார். மேற்கில் நின்ற சென்னிமலையும் அதையே சொன்னார். அண்ணன் தம்பிதான், பேச்சுவார்த்தை இல்லை. அப்படியானால் கூட்டுக் கிணறு என்று கேட்க வந்தவரிடம் ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார்.

"அம்மிணி கேட்டது உங்க கெணறு எங்கன்னுங்க. கூட்டாளி உண்டான்னு கேக்கலீங்களே" என்றார் காளியண்ணன்.

மூன்றாவது பங்குக்காரியான மாரியாயி இன்னும் தெளிவாகச் சொன்னார். "நாலு ஊட்டுக்கும் முறை வெச்சு எறைக்கறமுங்க. எங்க முறையன்னிக்கு அது எங்க கெணறு தானுங்களே சாமி?"

ஒரு பொருள் ஒன்றா பலவா என்று பெரிய புத்தகங்கள் கேட்கின்றன. மாரியாயி அளவுக்குச் சுருக்கமாக எதுவும் பதில் சொன்னதில்லை. வசந்தாமணியின் வீட்டுக்கும் ஊர்க் கிணற்றில் மூன்றில் ஒரு பாகம்தான். அவர்களும் பிறந்ததிலிருந்து அதை எங்கள் கிணறு என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். அதனால்தான் கூட்டாளி உண்டா என்று ஒரு கேள்வி இருப்பதே அவருக்குத் தோன்றவில்லை.

அதிகாரிக்கு இந்த வாதம் பிடித்த மாதிரி தெரியவில்லை. தாளை மடித்து, கீழ்மூலையைப் பார்த்தார். "யார் வரைஞ்சது இது?"

கட்டம் காலியாக இருந்தது செங்கோட்டையனுக்கு அப்போது உதவியாகத் தோன்றியது. "ஆபீஸ்ல புதுசா ஒரு ஆளுங்க சார். இனிமே மணியனையே போடச் சொல்லி..." என்று ஆரம்பித்தார்.

"அதக் கொஞ்சம் குடுங்க சார்" என்றார் வசந்தாமணி.

வாங்கிய தாளை மோட்டார் கொட்டகைப் படியில் விரித்தார். அந்த நான்கு வீட்டாரும் சொன்ன நான்கு வட்டங்களில் மூன்றைக் குறுக்கே அடித்தார். மிஞ்சிய ஒன்றைச் சரியான இடத்துக்கு நகர்த்தி, பக்கத்தில் 'நான்கு வீட்டு முறை' என்று எழுதினார். பிறகு கீழ்மூலைக் கட்டத்தில், அவசரப்படாமல், தன் பெயரை எழுதி, மை காயும்வரை ஊதி, தாளை அதிகாரியிடம் நீட்டினார்.