ஆரல்வாய்மொழி முதல் இராஜாக்கமங்கலம் வரை: டெக்னோவா, டிரான்ஸா?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இராஜாக்கமங்கலம் போனேன். கடல் பார்க்க அல்ல. அங்கே கடலோர விடுதி ஒன்றில் சனிக்கிழமை மாலைகளுக்கு டிஜே தேவைப்பட்டது. தேர்வு மூன்றரை மணிக்கு. பத்து மின்னிசைத் துண்டுகள் போடுவார்கள், ஒவ்வொன்றும் என்ன வகை என்று சொல்ல வேண்டும். ஏழு சரியானால் வேலை. சென்னையிலும் கொச்சியிலும் இதே மாதிரித் தேர்வில் தோற்றவள் நான். இதிலும் தோற்றால் திங்கள்கிழமை முதல் அண்ணனின் பெயின்ட் கடையில் உட்காருவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். வீட்டில் அதை நன்றாக ஞாபகம் வைத்திருந்தார்கள்.

திருநெல்வேலியில் 12.50க்கு நாகர்கோவில் பேருந்து, எழுபத்தைந்து ரூபாய். ஆரல்வாய்மொழியில் 2.20க்கு டயர் வெடித்தது. பின்னால் வந்த இரண்டு பேருந்துகளும் நிற்கவில்லை. சாலையோரக் காற்றாலைகள் மட்டும் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தன, எனக்கு அழுகையே வந்துவிட்டது. 2.35க்கு ஒரு ஆட்டோ கிடைத்தது. இருபத்தேழு கிலோமீட்டர், அறுநூற்றைம்பது ரூபாய். ஓட்டியவர் ஷைனி, என் வயதுதான் இருக்கும். கோயில் கொடை, சர்ச் திருவிழா என்று சிங்காரி மேளம் அடிக்கப் போகும் பெண்கள் குழுவில் வெண்கலத் தாளம் தட்டுகிறவர்.

போனில் பாட்டுப் போட்டு நான் விரலால் எண்ணுவதைக் கண்ணாடியில் பார்த்தார்.

“என்னத்துக்கு பிள்ளே இப்பிடி வெப்ராளப்படுக?”

என் பதற்றத்துக்குக் காரணம் சொன்னேன். நிமிடத்துக்கு நூற்று எழுபது அடியைத் தாண்டினால் அது டிரம் அண்ட் பேஸ், அதில் தகராறில்லை. நூற்றிருபதுக்கும் நூற்று நாற்பதுக்கும் நடுவில்தான் ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ் மூன்றும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. எண்ணி எண்ணியே இரண்டு வேலையைக் கோட்டைவிட்டேன்.

“எங்க மேளம் தொடங்கும்ப ஒரு வேகம், முடியும்ப ஒரு வேகம். வேகத்த வச்சு என்னத்த கண்டுபிடிக்க? தாளம் எங்க விழுதுன்னு கேளு மக்கா.”

கேட்டேன். ஹவுஸில் இரண்டு அடிகளுக்கு நடுவே ‘ச்’ என்று ஒரு தாளம் துள்ளி விழுகிறது, இடுப்பு தானாக அசைகிறது. டெக்னோவில் அந்தக் கொஞ்சல் குறைவு, ஆலைக்குள் நிற்பது மாதிரி இருக்கிறது. அடுத்து ஒரு டிரான்ஸ் போட்டேன். தோவாளை தாண்டும்போது அதில் மேளம் நின்று, மெட்டு மட்டும் மேலே மேலே ஏறியது.

“முடிஞ்சு. இதும் அந்த டெக்னோதான்,” என்றார் ஷைனி. அவர்கள் ஊர் மேளத்தில் அடி நின்றால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

அரை நிமிடம் கழித்து மேளம் திடீரென்று வந்து இறங்கியது. ஷைனி பதறி பிரேக்கை மிதித்தார். நானும் வலது காலால் தரையை மிதித்து, கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஏசியதை எழுத முடியாது.

நாகர்கோவில் நெரிசலில் பதினோரு நிமிடம் போனது. விடுதி வாசலில் இறங்கும்போது 3.28.

மேலாளர் துபாயிலிருந்து திரும்பியவர், சிரிக்கவே இல்லை. ஒன்பது துண்டுகள் முடிந்தபோது எனக்கு ஆறு சரி. பத்தாவதைப் பழக்கதோஷத்தில் எண்ணினேன், நூற்று முப்பத்திரண்டு. ‘டெக்னோ’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த நேரம் மேளம் நின்றது.

“சொல்லுங்கோ,” என்றார் மேலாளர்.

“இன்னும் கொஞ்சம் ஓடட்டும் சார்.”

மெட்டு மட்டும் ஏறிக்கொண்டே போனது. என் வலது கால், நான் சொல்லாமலே, தரையை அழுத்தி மிதித்தது.

“டிரான்ஸ்!” என்றேன். மேளம் வந்து இறங்கியது.

வெளியே ஷைனி ஆட்டோவைத் திருப்பி, என்ஜினை ஓடவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டு நின்றார். “சத்தம் நின்னுச்சு. நீ தோத்துட்டன்னு நெனச்சு வண்டிய திருப்பிட்டேன் மக்கா.” நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

போகிறவர்களுக்கு: காற்றடிக்கும் மாதங்களில் ஆரல்வாய்மொழியில் ஆட்டோ பிடித்தால் துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள். நேரம் முக்கியம் என்றால் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கினால் ஆட்டோ செலவு பாதியாகும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அந்த விடுதியில் பாட்டுப் போடுவது நான்தான். நடுவில் மேளம் நின்றால் எழுந்து போய்விடாதீர்கள்.