அமைச்சருக்காகக் காத்திருந்த கருவி

ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு நாங்கள் நடத்தும் பொறியியல் முதுமாணிப் படிப்புக் கூட்டுத்திட்டத்துக்கு அங்கிருந்து வந்த மணல் ஆய்வுக் கருவி, பொருத்தி முடித்தும் மாதக்கணக்காகச் சும்மா கிடந்தது. அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டும்வரை தொடக்கூடாது என்பது நசீரின் கட்டளை. எனக்குக் கிடைக்கவேண்டிய இணைப்பாளர் பதவியில் இருப்பவர் அவர்.

கடலரிப்பை ஆராயும் மாணவி சஹ்லா பாண்டிருப்புக் கடற்கரையில் அள்ளிய மணல் பைகளிலேயே கிடந்தது. இந்த மாதம் முடிவுகள் கொடுக்காவிட்டால் அவளது வெளிநாட்டு வாய்ப்புப் போய்விடும்.

இன்று ஒன்லைனில் முன்னேற்றக் கூட்டம். எல்லாம் பிரமாதமாக நடக்கிறது என்று கொழும்பிலிருந்து நசீர் அளந்துகொண்டிருந்தார்.

நான் கமராவைக் கருவியின் பக்கம் திருப்பி, கூட்டத்தில் இருந்த வெளிநாட்டுப் பேராசிரியையிடம், "நீங்கள்தான் இன்றைய பிரதம அதிதி" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே திரையிலிருந்தபடி கருவியைத் திறந்துவைப்பதாக அறிவித்தார்.

"சேர், உண்மையா வெட்டவா?" என்றாள் கருவியில் கட்டிய ரிப்பனருகே கத்தரிக்கோலோடு நின்ற சஹ்லா.

"வெட்டு புள்ள!"

திரையில் நசீரும் கைதட்டினார். வேறு வழியில்லை.

மாலையில் போன் கோல் எடுத்தார். "என்ன மச்சான் இப்பிடிச் செஞ்சிட்டாய்? அமைச்சருக்கு நான் என்னத்தச் சொல்ற?"

"திட்டம் முன்னேறிட்டு எண்டு சொல்லு மச்சான்."

என்னை எந்தக் குழுவிலிருந்து தூக்கலாம் என்று இப்போது யோசித்துக்கொண்டிருப்பார். பாவம், ஏற்கெனவே எல்லாவற்றிலிருந்தும் தூக்கிவிட்டதால் நான் எந்தக் குழுவிலும் இல்லை. அவருக்கு யாராவது ஒரு யோசனை சொல்லுங்கள்.