தெருவுக்குத் திரும்பாத பள்ளிவாசல்

காலை ஐந்தே முக்காலுக்குச் சாய்ந்தமருதில் பொத்துவில் பஸ்ஸில் ஏறினேன். தோளில் கமரா, கையில், கமராவை நிறுத்தும் முக்காலி அடங்கிய நீளப் பை. கொண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள, தூண்டிலா? அறுகம்பைக்கு மீன் பிடிக்கவா?"

"மினாராப் பிடிக்கப் போறன் காக்கா."

"அது எங்கயும் ஓடாது. சீட்டுக்குக் கீழ வைங்க," என்று இருநூற்றெண்பது ரூபாவுக்கு டிக்கட் கிழித்தார்.

பள்ளிவாசலின் உயர்ந்த கோபுரத்தைத்தான் மினாரா என்கிறோம்; அண்ணனைக் காக்கா என்போம், அக்காவை ராத்தா என்போம். பொத்துவிலில் புதிதாகக் கட்டிய ஒரு பள்ளிவாசல் அடுத்த வெள்ளிக்கிழமை திறக்கப்பட இருந்தது. அழைப்பிதழின் அட்டைக்குப் படம் வேண்டும். முன்பு ஒருவர் எடுத்த படத்தில் இரண்டு மினாராக்களும் ஒன்றையொன்று முட்ட வருவதுபோல் உள்ளே சாய்ந்திருந்தனவாம். கட்டிய மேசன் அதைப் பார்த்துவிட்டு, இதை அச்சடித்தால் திறப்புவிழாப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். படம் பிடித்துப்போனால் அட்டையில் என் பெயர் வரும். எங்கள் குடும்பத்தில் யார் பெயரும் இதுவரை அச்சில் ஏறியதில்லை. வாப்பா கடலுக்குப் போகிறவர், எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடம் முடித்துப் பல்கலைக்கழகம்வரை போன முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

அக்கரைப்பற்றில் பஸ் அரைவாசி காலியாகி, அதைவிட அதிகமாக நிரம்பியது. திருக்கோவில் கழிந்ததும் வீடுகள் குறைந்தன. இடப்பக்கம் கடல் மரங்களுக்கிடையே தெரிந்தும் மறைந்தும் கூடவே வந்தது. கோமாரிப் பாலத்தில் ஜன்னலோரம் இருந்த எல்லோரும் ஒருமுறை வெளியே பார்த்தார்கள். நாள்தோறும் போகிறவர்களும் பார்த்தார்கள்.

பொத்துவிலில் இறங்கும்போது எட்டேகால். பள்ளிவாசல் வாசலில் நின்று மேலே பார்த்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது. வெள்ளைச் சுவர் வெயிலை வாங்கிக்கொண்டு மேலே, மேலே போனது. பிறைக்குப் பக்கத்தில் ஒரு காகம் புள்ளியாக இருந்தது. கழுத்து வலித்த பிறகும் கண்ணை எடுக்க முடியவில்லை. அப்படியே கமராவை அண்ணாத்தி ஒரு படம் எடுத்தேன்.

வெள்ளைச் சாரத்தோடு பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த பள்ளிவாசல் செயலாளர் காக்கா தலையில் கை வைத்தார். "பாருங்க, இதுவும் விழப்போகுது!"

அவர் சொன்னது சரிதான். கமராவை அண்ணாத்தினால், தூரத்தில் இருக்கும் உச்சி சிறுத்து, நேர்கோடுகள் ஒன்றையொன்று நெருங்கும். நம் கண்ணும் அப்படித்தான் காண்கிறது; மனம் அதைத் திருத்திக்கொள்கிறது. கமராவுக்கு மனம் இல்லை. ஆகவே பாதி உயரத்துக்கு நான் ஏற வேண்டும். அங்கே கமராவை மட்டமாக வைத்தால் தூண் தூணாகவே நிற்கும்.

எதிர்வீட்டு ஜெஸீமா ராத்தா மேல்தட்டுக்கு வழிவிட்டார். "ஏறுங்க புள்ள. காயப்போட்ட உடுப்பப் படத்துல போட்டுராதீங்க!" படிக்குப் போகும் வழியில் ஒரு அறை. தரையின் டைல்ஸ் கோடுகளுக்கு ஒட்டாமல் தொழுகை விரிப்புக் கோணலாக விரிந்திருந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வீடு தெருவைப் பார்த்து நிற்கும். விரிப்பு மக்காவின் திசையான கிப்லாவைப் பார்த்துக் கிடக்கும்.

மேலே போனதும் அந்த விரிப்பைக் கல்லிலும் சீமெந்திலும் கண்டேன். கடைகள், மின்கம்பங்கள், மதில்கள், பின்னால் நெல் மில், எல்லாம் தெருவோடு ஒழுங்காக நின்றன. பள்ளிவாசல் மட்டும் முழு உடம்போடும் வடமேற்குப் பக்கம் திரும்பி நின்றது. இவ்வளவு பெரிய கட்டடம் தெருவைச் சட்டைசெய்யாமல் தன் திசையில் நிற்பதைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கீழே இறங்கி, ராத்தா வீட்டு விறாந்தையில் செயலாளருக்குப் படத்தை மடிக்கணினியில் காட்டினேன். மினாராக்கள் நிமிர்ந்தே நின்றன. செயலாளருக்குப் பாதிச் சந்தோஷம்.

"வடக்கு மினாரா பெரிசு, தெற்கு சிறிசு. ரெண்டும் ஒரே உயரம் புள்ள."

"வடக்கு றோட்டுக்குக் கிட்ட நிக்கிது காக்கா."

"நேராக்குங்க. கொம்பியூட்டர்ல ஏலும்தானே?"

ஏலும். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். மினாராக்கள் சமமாயின, முகப்பு தெருவுக்கு நேராக வந்து நின்றது.

"மாஷா அல்லாஹ்! இதுதான் படம்."

திரையைப் பார்த்தேன். தெருவுக்கு அப்பால் பள்ளிவாசலைப் பார்த்தேன். இது அதுவல்ல.

"மினாராவ நிமித்தலாம் காக்கா, அது நேராத்தான் நிக்கிது. பள்ளிய றோட்டுக்குத் திருப்ப ஏலாது. என்ட பேர் வாறதென்டா இந்தப் படம் வேணாம்."

"பேர் வேணாமா?" என்றார் அவர்.

வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். இழுத்த மூலையைப் பழையபடி விட்டேன்.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஜெஸீமா ராத்தாவின் குரல் வந்தது. "அப்ப இனி நாங்க நெல்லு மில்லப் பாத்தா தொழுற காக்கா?"

"இந்தா, இவ தொடங்கிட்டா," என்று சிரித்தார் செயலாளர். ஆனால் ஓம் என்று சொல்லவில்லை. "நிர்வாகத்துல கதைச்சிட்டுச் சொல்றன்."

இழுக்காத படத்தை அவர் போனுக்கு அனுப்பிவிட்டு, பகல் இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். காலையில் எடுத்த முதல் படத்தைத் திறந்து பார்த்தேன். கோடுகள் வானத்துக்கு ஓடிக் கூடும் படம். அதை நான் நிமிர்த்தப் போவதில்லை. அதில் இருப்பது நான் அண்ணாந்து நின்ற நேரம். அழைப்பிதழுக்கு அது உதவாது, எனக்கு உதவும்.

கோமாரியில் போன் அதிர்ந்தது; செயலாளரின் செய்தி. "திரும்பி நிக்கிற படத்தையே போடுறோம். மேசனும் ஓம் என்டுட்டாரு. பேர் எப்படிப் போடுற?" வாப்பாவின் பெயரை முழுதாக எழுதி, அதன் பிறகு என் பெயரை எழுதினேன்.

வீட்டில் வாப்பா உப்புக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். அட்டையின் மாதிரி வந்திருந்தது. எழுத்தைத் தாண்டிப் படத்துக்குப் போனார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு மினாராக்களுக்கும் நடுவே விரலை வைத்து, திரைக்கு வெளியே சாய்வாக இழுத்தார்.

"கிப்லா இந்தப் பக்கம்."

"ஓம் வாப்பா," என்றேன்.