எலிகளோடு வைத்த ரத்தம்

கொரோனா அடங்கி, வேலைகள் மறுபடி சூடு பிடித்த சமயம். புனேயில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் நான் டெக்னீஷியனாக இருந்தேன். பெயின்டில் கலக்கிற தின்னரின் ஆவியைச் சுவாசித்தால் எலிகளின் ஈரல் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஈரல் கெட்டால் ரத்தத்தில் சில என்சைம்கள் ஏறும். அதை அளக்க வேண்டும். எலிகள் பாவம் என்று வீட்டில் புலம்பினால், சம்பளம் வாங்கும்போது அது தெரியவில்லையா என்று என் கணவர் வாரிவிடுவார்.

எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொண்டவர் புனேயின் கட்கி பகுதியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். லீவு நாட்களில் ஒரு ஷெட்டில் கார்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கப் போவார். பல வருஷப் பழக்கம்.

ஒரு நாள் எலிகளின் என்சைம் அளவு நாங்கள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக வந்தது. மெஷின்மேல் சந்தேகம் வந்தால் எங்களில் ஒருவர் ரத்தத்தை வைத்துப் பார்ப்போம். முறைப்படி அப்படிச் செய்யக்கூடாதுதான், ஆனாலும் செய்வோம். அண்ணா சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். அவருடைய அளவு எலிகளையும் மிஞ்சியது. மெஷினைத் திட்டியபடி என் ரத்தத்தை வைத்தேன். அது சரியாகவே இருந்தது. அப்படியென்றால் மெஷினில் கோளாறு இல்லை.

ஆவியை நிறுத்தியதும் எலிகளுக்கு அளவு குறைவதை அவர் பார்த்திருக்கிறார். அதனால், "அரே, நானும் பெயின்ட் வேலய விட்டுட்டா எறங்கிடும்லமா?" என்று கேட்டார். இறங்கிவிடும் என்றேன். அவரும் அந்த வேலையை விட்டார்.

ஆனால் ஈரல் ஏற்கெனவே சுருங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் எல்லாம் எத்தனை வருஷமாகக் குடிக்கிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். அவர் அதைத் தொட்டதே இல்லை. நான் போய் தின்னரைப் பற்றிச் சொன்னேன். இருக்கலாம் என்றார் டாக்டர். சில மாதங்களில் அண்ணா போய்விட்டார்.

காரியம் முடிந்த அன்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு குடிக்கமாட்டாருன்னு எனக்குத் தெரியும்மா. எல்லாரும் அதயே கேக்கக் கேக்க, ஒரு நாள் நானும் கேட்டுட்டேன். அந்தப் பக்கமா திரும்பிப் படுத்துட்டாரு."

அவரோடு சேர்ந்து நானும் அழுதேன். குடிப்பீர்களா என்று கேட்ட அத்தனை பேரில் ஒருவராவது, என்ன வேலை செய்கிறீர்கள் என்று முதலில் கேட்டிருந்தால், அவர் அப்படித் திரும்பிப் படுத்திருக்கமாட்டார் என்றுதான் இன்றைக்கும் என் மனம் அடித்துக்கொள்கிறது.