பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பல ஆண்டுகளாகப் பத்து நிமிடம் முந்தியே ஓடியது. தாமதத்தைத் தவிர்க்க எண்ணி நானே அவ்வாறு திருப்பி வைத்திருந்தேன். நாளடைவில் அதைப் பார்த்தவுடன் மனத்துக்குள் பத்தைக் கழித்துவிட்டு, ஆற அமரப் புறப்படுவதே எங்கள் வழக்கமாயிற்று.

சென்ற மாதம் என் மகளுக்குப் புதுக்கோட்டையில் செவிலியர் பணிக்கான நேர்காணல். குளத்தூரிலிருந்து எட்டரை மணிப் பேருந்தில் செல்ல எண்ணியிருந்தோம். கடிகாரம் எட்டு இருபத்தைந்து காட்டியது.

“இன்னும் கால் மணி நேரம் கெடக்கு, காப்பியக் குடி ஆத்தா” என்றேன்.

நாங்கள் நிறுத்தத்தை அடைந்தபோது பேருந்து போய்விட்டிருந்தது. திகைத்துப்போய் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மைத்துனர் எடுத்தார்.

“மச்சான், நேத்து நாந்தான் பேட்டரி மாத்தி நேரத்தச் சரியா வச்சேன். பத்து நிமிசம் தப்பால்ல ஓடுச்சு!” என்றார் பெருமையாக.

“மாமா மேல தப்பில்லப்பா, நம்ம மேலதான்” என்றாள் அருகில் நின்று கேட்ட மகள், கண்கலங்கி.

நல்லவேளையாக, காய்கறி ஏற்றிவந்த வண்டிக்காரர் ஒருவர் எங்களைக் கண்டு நிறுத்தினார். “ஏறுங்க, ஏறுங்க. தக்காளிய மட்டும் மிதிச்சிராதீங்க!”

நேர்காணல் நடந்த இடத்தில் மகளின் பெயரை இரண்டாம் முறை அழைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே நுழைந்தோம். வேலை கிடைத்தது.

இப்போது கடிகாரம் சரியான நேரத்தையே காட்டுகிறது. புறப்படும் நேரத்தை முந்தைய நாளே முடிவுசெய்து எழுதி வைக்கிறேன். முதல் வாரத்தில் பழைய பழக்கத்தில் பத்தைக் கழித்துவிட்டு, இருமுறை என் அலுவலகத்துக்குத் தாமதமாகச் சென்று தலைகுனிந்து நின்றேன். ஆயினும் முள்ளைத் திருப்பவில்லை. அரைமணி முன்னதாக எழுந்துகொள்கிறேன்.